கூண்டு கட்ட வரும் பிள்ளைகளுக்குப் பதினாறு சொல்

காடு மேடு ஏறும் ஜிப்சிக்கும் பழைய ஜீப்புக்கும் வீட்டுக் கொட்டகையிலேயே ரோல் கேஜ் என்னும் குழாய்க் கூண்டைக் கட்டிவிடலாம் என்று கிளம்பும் இளவட்டங்கள் எங்கள் கோவைப் பக்கம் நிறைய உண்டு. லேத்தும் வெல்டிங்கும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர். கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்து காட்டிய ஊர். ஆசை வருவதில் அதிசயமில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை இஞ்ச் பைப் போடலாம்ணா?" என்பதுதான். அதை ஐந்தாவதாகக் கேளுங்கள் கண்ணுகளா. வண்டி உருளும்போது விழுகிற அடிக்குப் போக்கிடம் காட்டுவதுதான் கூண்டின் வேலை. அடி எங்கே விழும், எந்தக் குழாய் வழியாக இறங்கும், எங்கே போய் அடங்கும்? இந்த மூன்றுக்கும் விடை வைத்துக்கொண்டு ரம்பத்தை எடுங்கள். கீழே உள்ள பதினாறும் அந்த விடையைத் தேடும் வழிகள்தாம்.

1. எந்த வண்டிக்கு, எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

வாரமெல்லாம் அலுவலகத்துக்குப் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்ணில் இறங்கும் வண்டியா? அதற்குக் கூண்டு வேண்டாம். தலைக்கவசம் போடாமல் ஓட்டும் சாலையில், மண்டைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து. உருளாத வண்டியில், சாதாரண மோதலிலேயே தலை அதில் போய் இடிக்கும். பக்கவாட்டில் திரையாக விரியும் ஏர்பேக் உள்ள வண்டியானால் குழாய் அதன் வழியை மறிக்கும். 2020இல் வந்த மஹிந்திரா தார் போலத் தொழிற்சாலையிலேயே கூண்டு வைத்து வரும் வண்டி என்றால், அந்தக் கூண்டின்மேல் நீங்கள் புதிதாக எதையும் வெல்டு வைக்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பக்கக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக உத்தரவு போட்டதும் இதே பிரிவைக் காட்டித்தான். ஆகவே கூண்டு கட்டிய வண்டி களத்துக்கு மட்டுமான வண்டி. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இதற்கு மனம் ஒப்பினால் அடுத்த எண்ணுக்கு வாருங்கள்.

2. விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

போட்டிக்குப் போகப்போவதில்லை, நமக்கு எதற்கு விதி என்பார்கள். அந்த விதிகளில் பல, வண்டி உருண்டு ஆள் அடிபட்ட பிறகு எழுதப்பட்டவை. உலக மோட்டார் பந்தயங்களை நடத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் 'அப்பெண்டிக்ஸ் ஜே', பிரிவு 253இல் கூண்டுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50க்கு 2 மி.மீ. மற்றக் குழாய்களுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. இவை குறைந்தபட்ச அளவுகள். இரும்பு, குளிர்நிலையில் இழுத்த தையலில்லாக் குழாயாக இருக்க வேண்டும். அதன் இழுவிசை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டனுக்குக் குறையக் கூடாது.

போட்டிக்குப் போகிறவர்கள் அந்தப் போட்டியின் அவ்வாண்டு விதியையே எடுத்துப் படியுங்கள். மற்றவர்களுக்கு 253 நல்ல வாத்தியார். அதில் உள்ள படங்களை அச்செடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

3. அளவைத் தலையிலிருந்து எடுங்கள்.

வண்டியின் கூரையைப் பார்த்து அளவெடுப்பதுதான் புதியவர்கள் வழக்கம். முதலில் இருக்கையை அது நிலையாக நிற்கப்போகும் இடத்தில் பொருத்துங்கள். ஓட்டப்போகிறவர்களில் உயரமானவரைத் தலைக்கவசத்தோடு உட்காரவைத்துப் பெல்ட்டை இறுக்குங்கள். அந்தத் தலைக்கு வெளியேதான் கூண்டு தொடங்குகிறது. பொறியியல் மாணவர்கள் ஓட்டும் பாஹா வண்டிப் போட்டியில், கூண்டின் எந்த இரு இடங்களுக்கு நடுவே நேர்ச்சட்டம் வைத்தாலும் அது தலைக்கவசத்திலிருந்து 152 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். தோள், முழங்கை போன்ற மற்ற அங்கங்களுக்கு 76 மி.மீ. போதும். ஜிப்சிக்குள் அவ்வளவு இடம் கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால் இருக்கையின் அடிச்சட்டத்தை இறக்குங்கள். தலையைக் குனிந்து ஓட்டிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அளவெடுக்கும் அன்றே இன்னொன்றையும் பாருங்கள்: பெல்ட்டை அவிழ்த்துவிட்டு அவரால் சட்டென்று வெளியே வர முடிகிறதா? கதவுப் பக்கம் குறுக்கே வரப்போகிற குழாயின் இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கச் சொல்லுங்கள். கால் மாட்டினால் குழாயின் இடத்தை மாற்றுங்கள்.

4. முக்கோணம் இல்லாத கூண்டு வெறும் கம்பி.

நான்கு குழாயைச் சதுரமாக வெல்டு வைத்தால் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். பக்கத்திலிருந்து ஓர் அடி விழுந்தால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். தோட்டத்துப் படலில் குறுக்கே ஒரு மூங்கிலைச் சாய்த்துக் கட்டுகிறோமே, அதே காரணம்தான் இங்கும். இருக்கைக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்குள் மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் குழாய் கட்டாயம். அந்த வளைவின் மேல்மூலைகளுக்கு அருகிலிருந்து பின்பக்கம் இறங்கும் இரண்டு தாங்கு குழாய்களும் கட்டாயம். அவை நேராக இருக்க வேண்டும். செங்குத்திலிருந்து 30 பாகைக்காவது சாய்ந்திருக்க வேண்டும்.

காகிதத்தில் வரைந்துகொண்டு ஒவ்வொரு முனையிலும் விரலை வையுங்கள். அங்கே அடி விழுந்தால் விரல் எந்தக் குழாய் வழியாகத் தரைக்குப் போகும்? இன்னொரு குழாயின் நடு உடம்பில் போய் விரல் முட்டி நின்றால், அந்த இடத்தில்தான் உங்கள் கூண்டு மடியும். குழாய்கள் சந்திப்பில் சந்திக்க வேண்டும், ஒன்றின் வயிற்றில் இன்னொன்று முட்டி நிற்கக் கூடாது. அதேபோல நேராகப் போக வேண்டிய குழாயை, டேஷ்போர்டைத் தாண்டவோ அழகுக்காகவோ நடுவில் வளைத்தால், வளைந்த இடத்தில் இன்னொரு குழாய் வந்து தாங்கியாக வேண்டும். தாங்காத வளைவு அடி விழுந்தால் மேலும் வளையும்.

5. கடைக்காரரிடம் "பைப்" என்று கேட்காதீர்கள்.

தண்ணீர் பைப்பும் டியூப்பும் வேறு வேறு. ஒன்றரை இஞ்ச் பைப் என்று கேட்டால் கடையில் தருவது உள்விட்டக் கணக்கில் பெயர் வைத்த பைப். அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. இருக்கும். ஒன்றரை இஞ்ச் டியூப் என்றால் வெளிவிட்டமே 38.1 மி.மீ. இந்தக் குழப்பத்தில் பெண்டிங் டை பொருந்தாமல் வீடு திரும்பியவர்கள் பலர். வெளிவிட்டம், கனம் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். கடையிலேயே வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள்.

ஜி.ஐ. பைப்பைத் தொடவே வேண்டாம். துத்தநாகப் பூச்சின்மேல் வெல்டு வைத்தால் கிளம்பும் புகை, சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வைக்கும். வெல்டும் புழு அரித்ததுபோல் ஓட்டை ஓட்டையாக வரும். வெளிப்பூச்சைத் தேய்த்து எடுத்தாலும் உள்பூச்சு அப்படியேதான் இருக்கும்.

சந்தையில் மலிவாகக் கிடைப்பது ஈ.ஆர்.டபிள்யூ. தகட்டை உருட்டி நெடுக வெல்டு வைத்த குழாய் அது. அதையே மறுபடி குளிர்நிலையில் இழுத்துச் சீராக்கினால் சி.டி.டபிள்யூ. ஆகும், சென்னை ஆவடியிலுள்ள டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா பல காலமாகச் செய்துவரும் சரக்கு. தையலே இல்லாதது சீம்லெஸ். பணம் இருந்தால் குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் வாங்குங்கள். போட்டி விதி கேட்பதும் அதுதான். களத்தில் மெதுவாகப் பாறை ஏறும் வண்டிக்குச் சி.டி.டபிள்யூ. கௌரவமான தேர்வு. உக்கடத்திலும் புதுப்பேட்டையிலும் கிடைக்கும் பழைய குழாயில் காசு மிச்சமாகும். ஆனால் அதன் உள்ளே எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்று வெளியே தெரியாது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

6. எடையைக் கணக்குப் போடுங்கள்.

45க்கு 2.5 குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 2.6 கிலோ, 38க்கு 2.5 குழாய் 2.2 கிலோ. இரண்டும் கலந்து 20 மீட்டர் போனால் 48 கிலோ பக்கம் வரும். தகடும் போல்ட்டும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஜிப்சியின் மொத்த எடையே ஆயிரம் கிலோவை ஒட்டித்தான். இவ்வளவு இரும்பைத் தலைக்கு மேலே ஏற்றும்போது வண்டியின் எடைமையம் உயர்கிறது. முன்பு நின்ற சரிவில் இப்போது வண்டி கவிழப் பார்க்கும். கனம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று 4 மி.மீ. குழாய் தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நான்காம் எண்ணில் சொன்ன விரல் சோதனையில் வேலை இல்லாத குழாய் எதுவோ, அதை வரைபடத்திலேயே அழித்துவிடுங்கள்.

7. வளைக்கும் வேலையை வெளியே கொடுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டென்றால் இதுதான். பிளம்பிங் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் ஹைட்ராலிக் பைப் பெண்டர், கனமான தண்ணீர்ப் பைப்புக்காகச் செய்தது. மெல்லிய டியூபை அதில் கொடுத்தால் வளைவின் உள்பக்கம் நசுங்கிச் சுருங்கும். மண்ணை நிரப்பிக் காஸ் வைத்துச் சூடுகாட்டி வளைப்பதையும் சிலர் சொல்வார்கள். கிரில் கேட்டுக்குச் சரி. குளிர்நிலையில் இழுத்துக் கிடைத்த வலிமை அந்தச் சூட்டில் போய்விடும்.

டை சுழன்று குழாயை இழுத்து வளைக்கும் எந்திரம் உள்ள பட்டறையைத் தேடிப் போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். வளைவின் ஆரம், குழாயின் மையக்கோட்டில் அளந்தால், விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்குமா? 45 குழாய்க்கு அது 135 மி.மீ. வளைத்த இடத்தில் குழாய் முட்டை வடிவானால், சின்ன விட்டம் பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்குமா? நெடுக வெல்டு உள்ள குழாயென்றால், அந்தத் தையலை வளைவின் வெளிமுதுகில் வராமல் பக்கவாட்டில் வரும்படி திருப்பி வைப்பீர்களா? மூன்றுக்கும் "ஆமாம்" என்று சொல்கிறவரிடம் கொடுங்கள்.

நீளக் கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். 135 ஆரத்தில் 90 பாகை வளைவு 212 மி.மீ. குழாயை எடுக்கும். மூலை வரை அளந்தால் இரு பக்கமும் சேர்த்து 270 வரும். ஆக ஒவ்வொரு வளைவுக்கும் 58 மி.மீ. கழிக்க வேண்டும். முதன்மை வளைவு ஒட்டுப் போடாத ஒரே குழாயாக இருக்க வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு தப்பினால் ஆறு மீட்டர் நீளக் குழாய் ஒன்று வீண். முதலில் தடித்த கம்பியை வளைத்து வண்டிக்குள் வைத்துப் பார்த்து, அதையே மாதிரியாகக் கொண்டு போவது நல்லது.

8. மீன்வாய் வெட்டுவதில் அவசரம் கூடாது.

ஒரு குழாயின் முனை இன்னொன்றின் உடம்பில் உட்காரும் வளைந்த வெட்டுக்குப் பட்டறையில் மீன்வாய் என்று பெயர். லேத்திலோ ஹோல் சா மாட்டிய நாட்சரிலோ வெட்டலாம். கிரைண்டரில் வெட்டி அரத்தால் ராவியும் சரிசெய்யலாம். கணக்குப் போட்டு வரைந்த காகிதத்தைக் குழாயில் சுற்றி, அதன் ஓரத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் கோணம் தப்பாது. வெட்டி முடித்தபின் இரண்டையும் சேர்த்து வைத்து எதிர்ப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கோடாகத் தெரியலாம், பட்டையாகத் தெரியக் கூடாது. ஒரு மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் இன்னும் ராவுங்கள். வெட்டு குறைந்துபோனால் புதுத் துண்டு வெட்டுங்கள். இடைவெளியை வெல்டால் நிரப்புவதும், ராடுத் துண்டைச் செருகி மேலே பூசுவதும் வேண்டாம். அந்த இணைப்பு அடியைக் கீழே கடத்தாது.

9. கூண்டு பாதத்தில்தான் தோற்கும்.

புதியவர்கள் மேலே உள்ள குழாய்களுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக் கீழே காட்டினால் போதும். மேலே விழுந்த அடி முழுவதும் கடைசியில் வந்து சேரும் இடம் பாதம். கார்த்தளத்தின் தகடோ மிக மெல்லியது. குழாயை நேராக அதில் வெல்டு வைத்தால், உருளும்போது குழாய் வளையாது. தளத்தைக் குத்திக்கொண்டு கீழே இறங்கும். கூரை அப்படியே தலைமேல் வரும்.

குழாயின் அடியில் 3 மி.மீ.க்குக் குறையாத பாதத்தகடு. அதன் கீழே வண்டித் தளத்தோடு சேரும் வலுத்தகடு, அதுவும் 3 மி.மீ., பரப்பு 120 சதுர செ.மீ.க்குக் குறையாமல். அதாவது 12க்கு 10 செ.மீ. என்பது கடைசி எல்லை. இடமிருந்தால் பெரிதாகவே போடுங்கள். தகட்டின் மூலைகளை உருட்டுங்கள், கூர்மூலை தளத்தைக் கிழிக்கும். முடிந்த இடத்தில் தகட்டை மடித்துப் பக்கச் சுவரிலும் ஏற்றுங்கள். அடி அப்போது மெல்லிய தளத்தைக் குத்தாமல் நிமிர்ந்து நிற்கும் தகடுகளில் பரவும். போல்ட்டில் பிடிப்பதானால் ஒரு பாதத்துக்கு எம்8 அளவில் குறைந்தது மூன்று வேண்டும், தலையில் 8.8 என்று பொறித்த ஹைடென்சில் போல்ட்டாக. சாதாரண எம்.எஸ். போல்ட்டை அந்த இடத்தில் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பு, மிதியடியைத் தூக்கிவிட்டுத் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பழைய ஜிப்சியிலும் ஜீப்பிலும் துரு அங்கேதான் குடியிருக்கும். துருத்தளத்தை வெட்டி எடுத்துப் புதுத்தகடு போட்ட பிறகே பாதம் வைக்க வேண்டும்.

10. சேசிஸ் வேறு, பாடி வேறு என்பதை மறக்காதீர்கள்.

ஜிப்சி, ஜீப் போன்றவற்றில் ஏணிச் சட்டத்தின்மேல் ரப்பர் புஷ் வைத்துப் பாடி உட்கார்ந்திருக்கிறது. பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். பாடி அதே அளவு முறுக்காது. கூண்டின் இரண்டு காலைச் சேசிஸிலும் இரண்டு காலைப் பாடியிலும் இறுக்கிவிட்டால், ஒவ்வோர் ஏற்றத்திலும் அவை ஒன்றையொன்று இழுத்து, வெல்டில் விரிசல் விடும். பாதங்களைப் பாடியில், ரப்பர் புஷ் இருக்கும் இடங்களுக்குக் கிட்டத்தில் வையுங்கள். அங்கிருந்து சேசிஸுக்குத் தனியே பிடிப்புக் கொடுப்பதானால் அதையும் புஷ் வழியாகவே கொடுங்கள். கூண்டு எதில் நிற்கிறதோ அதிலேயே இருக்கையும் பெல்ட்டும் நிற்கட்டும். ஒன்று நகரும்போது மற்றது நின்றுவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வது ஆள்.

11. வெல்டிங் தொடங்குமுன் வண்டியைக் காலி செய்யுங்கள்.

பேட்டரியைக் கழற்றுங்கள், எஞ்சின் கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அதன் இணைப்பையும். பெட்ரோல் டாங்கை இறக்கி வேறிடத்தில் வையுங்கள். மூடியை இறுக்கிவிட்டேன் என்பது போதாது. இருக்கைத் துணி, தரைவிரிப்பு, வயர், தார்ப்பூச்சு எதுவும் தீப்பொறி எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், பக்கத்தில் ஓர் ஆள். வேலை முடிந்த பிறகும் சற்று நேரம் அங்கேயே இருங்கள். ஒளிந்து கனியும் பொறி ஆள் போனபின் பற்றும். கிரைண்டருக்குக் கண்ணாடி, வெல்டிங்குக்கு முகமூடி, இரண்டுக்கும் பருத்தி உடுப்பு. நைலான் டீஷர்ட் தோலோடு ஒட்டி உருகும்.

12. கூண்டில் கை வைக்குமுன் வெல்டை வெட்டிப் பாருங்கள்.

பாஹா போட்டியில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. கூண்டுக்கு வெல்டு வைத்த அதே கை, அதே குழாயில் இரண்டு மாதிரி இணைப்பு செய்து காட்ட வேண்டும். ஒன்றை முறித்துப் பார்ப்பார்கள். வெல்டு விடக் கூடாது, குழாய்தான் கிழிய வேண்டும். இன்னொன்றைக் குறுக்கே அறுத்து, உலோகம் அடி வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதை வீட்டிலேயே செய்யலாம். மீன்வாய் வெட்டிய துண்டுகளை வெல்டு வைத்து, வைஸில் பிடித்து, நீளக் குழாயைச் செருகி வளைத்து முறியுங்கள். இன்னொன்றை அறுத்து, அறுத்த முகத்தை மழமழவென்று தேய்த்துப் பாருங்கள். வெல்டு பிரிந்தாலோ நடுவில் கருப்புக் கோடு தெரிந்தாலோ உங்கள் கை இன்னும் தயாராகவில்லை. அதில் வெட்கமில்லை. வெட்டுவதும் பொருத்துவதும் புள்ளி புள்ளியாக டேக் அடிப்பதும் நீங்கள் செய்து, முழு வெல்டை அனுபவமுள்ள வெல்டரை அழைத்து முடியுங்கள்.

13. வரிசை தப்பாமல் வெல்டு வையுங்கள்.

சி.ஓ.டூ. என்று நாம் சொல்லும் மிக் வெல்டிங் போதும். டிக் தெரிந்தால் இன்னும் நல்லது. ராடு வைக்கும் ஆர்க் வெல்டிங்கில் தேர்ந்த கை செய்ய முடியும். ஆனால் குழாய்கள் நெருங்கும் இடுக்கில் கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும். வெக்கை என்று மேசை விசிறியைத் திருப்பி வைக்காதீர்கள். காற்று காஸைக் கலைத்து வெல்டில் ஓட்டை விழும்.

முழுக் கூண்டையும் டேக்கிலேயே நிறுத்துங்கள். ஓர் இணைப்புக்கு நான்கு டேக். மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரு பக்கமும் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். ஆளை மறுபடி உட்காரவைத்துப் பாருங்கள். பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே மூலையில் தொடர்ந்து வைத்தால் சூடு கூண்டை அந்தப் பக்கம் இழுத்துவிடும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காதீர்கள்.

குழாயைச் சுற்றி முழு வட்டமும் வெல்டு வேண்டும். திறந்த ஜீப்பில் இது எளிது. கூரை உள்ள வண்டியில் குழாயின் மேல்முதுகுக்கும் கூரைக்கும் நடுவே கை போகாது. அதைச் சும்மா விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பாதம் வரும் இடங்களில் தளத்தில் ஓட்டை போட்டு, டேக் அடித்த கூண்டை அந்த ஓட்டைகள் வழியாகக் கீழே இறக்குங்கள். மேலே இடம் கிடைத்து வெல்டு முடிந்ததும் கூண்டைத் தூக்கி, பாதத்தின் கீழே தகட்டுப் பெட்டி வைத்து அடைத்துவிடலாம்.

14. அழகு பார்த்து வெல்டை ராவாதீர்கள்.

மழமழவென்று கிரைண்டர் ஓட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் ஒரே வார்ப்பாகத் தெரியும். அதற்காக நீங்கள் எடுத்தது இணைப்பின் வலிமையை. போட்டியில் பரிசோதகர்கள் ராவிய வெல்டைக் கண்டால் எதை மறைத்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். மீன் செதிலாக வரிசை தெரியட்டும். பெயிண்ட் வெளிர் நிறத்தில், மெல்லியதாக இருக்கட்டும். விரிசலும் துருவும் அதில் முதலில் கண்ணில் படும். பவுடர் கோட்டிங்கின் தடிப்புக்கு அடியில் விரிசல் ஒளிந்துகொள்ளும்.

15. பெல்ட்டும் மெத்தையும் கூண்டின் பாகம்தான்.

தோள் பெல்ட் பின்னால் எங்கே போய்ப் பிடிக்கிறது என்று பாருங்கள். இருக்கையின் தோள் உயரத்திலிருந்து கிடைமட்டமாகவோ, சற்றே கீழிறங்கியோ போக வேண்டும். 10 பாகைக்குள் இருந்தால் நல்லது, 45ஐத் தாண்டக் கூடாது. தரையில் போய்ப் பிடித்த பெல்ட், மோதலில் தோளைக் கீழ்நோக்கி அமுக்கி முதுகெலும்பை நசுக்கும். இதற்காக முதன்மை வளைவில் குறுக்குக் குழாய் ஒன்றைச் சரியான உயரத்தில் முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள்.

தலைக்கவசம் தொடக்கூடிய குழாய்களில் எஃப்.ஐ.ஏ. 8857-2001 தரத்தில் 'ஏ' வகை மெத்தை வேண்டும். ஏ.சி. பைப்பில் சுற்றும் கருப்பு ஃபோம் விரலால் அமுக்கினாலே இரும்பைத் தொடும். அது தலையைக் காக்காது.

கூண்டு பரணும் அல்ல. விளக்குக்காகக் குழாயில் துளை போடாதீர்கள், கிளாம்பில் பிடியுங்கள். வண்டி சேற்றில் மாட்டினால் இழுவைக் கயிற்றைக் கூண்டில் மாட்டாதீர்கள். இழுவைக்குச் சேசிஸில் கொக்கி இருக்கிறது.

16. உருண்ட கூண்டை நம்பாதீர்கள், உருளாத கூண்டையும் சோதியுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் பாத போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு களத்துக்குப் பிறகும் இணைப்புகளைத் துடைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் டை பெனட்ரன்ட் வாங்குங்கள். பெயிண்டை எடுத்துவிட்டுச் சிவப்புத் திரவத்தை அடித்து, சற்றுப் பொறுத்துத் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். வண்டி உருண்டு குழாய் வளைந்திருந்தால், சூடுகாட்டி நிமிர்த்தாதீர்கள். வளைந்த குழாய் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அதை வெட்டியெடுத்துப் புதுக்குழாய் வையுங்கள். அதன் இரு முனை இணைப்புகளையும், கீழே பாதத்தையும் பார்த்துவிட்டே மறுபடி களமிறங்குங்கள்.

கட்டி முடித்ததும், பெயிண்ட் அடிக்குமுன், உங்களுக்குக் கடமைப்படாத ஒரு வெல்டரை அழைத்துக் காட்டுங்கள். நண்பர் வேண்டாம், நண்பர் பாராட்டுவார். விரலை மேலே வைத்து அடி இறங்கும் வழியை அவரே பாதம் வரை தேடட்டும். "இது சரியில்லை" என்று அவர் காட்டும் இணைப்பை விவாதிக்காமல் வெட்டுங்கள். அவர் வாயை மூடிக்கொண்டு டீ கேட்டால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கலாம்.